மிலான் குடியரசுக்கு எதிராக ஃபுளோரன்ஸ் பணம் கொடுத்தது ஏன்?

ஜூன் 4, மாலை 5.10, ஒரு வாசகரின் கேள்வி

இத்தாலியின் ஃபுளோரன்ஸ் ஒரு குடியரசு. அந்த ஊர்க்காரர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் மிலான் பிரபுக்களோடு சண்டை போட்டார்கள். கொடுங்கோலர்களுக்கு எதிராகச் சுதந்திரத்தைக் காப்பதாக ஊர் ஊராகக் கடிதம் எழுதினார்கள். 1447-இல் மிலான் பிரபு ஃபிலிப்போ மரியா விஸ்கோந்தி ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும் மிலானே குடியரசாகிவிட்டது. அப்போது கைகொடுத்திருக்க வேண்டிய ஃபுளோரன்ஸ், அந்தக் குடியரசை முற்றுகையிட்ட கூலிப்படைத் தளபதி ஃபிரான்செஸ்கோ ஸ்ஃபோர்ஸாவுக்குப் பணம் கொடுத்தது. பழைய கூட்டாளியான வெனிஸையும் கைவிட்டது. இது ஃபுளோரன்ஸை நடத்திய வங்கிக்காரர் கோசிமோ மெடிசியின் வட்டிக் கணக்கு இல்லாமல் வேறென்ன?

ஜூன் 4, இரவு 11.20

வட்டிக் கணக்குதான், சந்தேகமே இல்லை. ஸ்ஃபோர்ஸாவிடம் படை இருந்தது, ஊர் இல்லை. ஊர் இல்லாதவனுக்குக் கொடுத்த கடன் எப்படித் திரும்பி வரும்? அவரை மிலானில் உட்காரவைத்தால்தான் வரும். கோசிமோ வங்கிக்காரர், வங்கிக்காரர் செய்வதைச் செய்தார். மீதியை நாளை எழுதுகிறேன்.

ஜூன் 5, காலை 6.45

ராத்திரி எழுதியது அவசரம். படுத்த பிறகும் அதே யோசனையாக இருந்தது. கடன் உண்மைதான். ஆனால் கோசிமோ அவருக்குப் பணம் கொடுக்க ஆரம்பித்தது மிலான் குடியரசு பிறப்பதற்குப் பல வருடம் முன்பே. அப்போது ஸ்ஃபோர்ஸா ஃபுளோரன்ஸும் வெனிஸும் சேர்ந்த கூட்டணியின் தளபதி. அதாவது அது மிலான் பிரபுவுக்கு எதிராகச் செலவான பணம். பிறகு அதே பணம் மிலான் குடியரசுக்கு எதிராகப் போனது. மனிதர் ஒருவரேதான், சுற்றியிருந்தது எல்லாம் மாறிவிட்டது.

அந்த ஒன்பது வருடத்தை வரிசையாகச் சொன்னால்தான் புரியும். 1441-இல் ஃபிலிப்போ மரியா தன் ஒரே மகள் பியாங்கா மரியாவை எதிரியின் தளபதியான ஸ்ஃபோர்ஸாவுக்கே கட்டிக்கொடுத்தார். அவள் முறைப்படியான மனைவிக்குப் பிறந்தவள் இல்லை, ஆனால் வேறு பிள்ளையும் இல்லை. சீராகக் கிரெமோனா நகரம் போனது. 1447 ஆகஸ்ட் 13-இல் மாமனார் இறந்தார். மறுநாளே மிலான்காரர்கள் தங்கள் ஊரின் காவல் புனிதர் அம்புரோஸ் பெயரில் குடியரசை அறிவித்துவிட்டார்கள். விஸ்கோந்திகளின் கோட்டையை இடித்துத் தள்ளினார்கள். ஆனால் கிழக்கே வெனிஸ் படை வாசலில் நிற்கிறது. தளபதி வேண்டும். யாரைக் கூப்பிட்டார்கள்? இறந்த பிரபுவின் மருமகனை!

1448 செப்டம்பர் 15-இல் காரவாஜ்ஜோவில் அவர் வெனிஸ் படையை நொறுக்கினார். குடியரசுக்குக் கிடைத்த மாபெரும் வெற்றி. ஒரே மாதம்தான். அக்டோபரில் தான் நொறுக்கிய அதே வெனிஸோடு ஒப்பந்தம் போட்டு, மிலானைப் பிடிக்கத் திரும்பினார். அடுத்த வருடம் வெனிஸ் அவரை விட்டுவிட்டு மிலான் குடியரசோடு தனியாகச் சமாதானம் பேசியது. அதன் பிறகும் அவர் முற்றுகையை விடவில்லை.

இதில் முதலில் யார் யாருக்குத் துரோகம் செய்தார் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியவில்லை.

ஜூன் 5, இரவு 9.30

ஃபுளோரன்ஸ் 'சுதந்திரத்தைக் காப்பதாக' என்று கேள்வியில் வருகிறதே, அந்த வார்த்தையைக் கொஞ்சம் தட்டிப்பார்க்க வேண்டும். பள்ளியில் நமக்குச் சொல்லித்தந்தபடி, போப்பாண்டவர் பக்கம் நின்றவர்கள் குவெல்ஃப், புனித ரோமப் பேரரசர் பக்கம் நின்றவர்கள் கிபெலின். ஃபுளோரன்ஸ் பரம்பரை குவெல்ஃப் நகரம், மிலான் விஸ்கோந்திகள் கிபெலின். அப்படியானால் 1375-ஐப் பாருங்கள். அந்த வருடம் குவெல்ஃப் ஃபுளோரன்ஸ், கிபெலின் மிலானின் பெர்னபோ விஸ்கோந்தியோடு கூட்டுச் சேர்ந்து போப்பாண்டவரோடு போர் தொடங்கியது! போப்பாண்டவர் அப்போது தெற்குப் பிரான்ஸில் உள்ள அவிஞ்ஞோனில் இருந்தார். மத்திய இத்தாலியில் அவருடைய அதிகாரிகள் பலமாகிக்கொண்டே வந்ததைப் பார்த்து ஃபுளோரன்ஸுக்குப் பயம். சிவப்புத் துணியில் 'சுதந்திரம்' என்று வெள்ளை எழுத்தில் எழுதிய கொடிகளைப் போப்பாண்டவரின் நகரங்களுக்கு அனுப்பி, எழுச்சி செய்யச் சொன்னது. நகரம் நகரமாக எழுந்தன. போப்பாண்டவர் ஃபுளோரன்ஸ் முழுவதற்கும் வழிபாட்டுத் தடை போட்டார். போரை நடத்திய எட்டுப் பேர் குழுவுக்கு 'எட்டுப் புனிதர்கள்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

பதினைந்து வருடம் கழித்து, 1390-இல், பெர்னபோவைக் கவிழ்த்துவிட்டு வந்த அவருடைய அண்ணன் மகன் ஜான் கலெயாத்ஸோவோடு அதே ஃபுளோரன்ஸ் சண்டைக்கு நின்றது. அவர் வெரோனா, பைசா, சியேனா, பெரூஜியா என்று வாங்கியும் பிடித்தும் கொண்டே வந்தார். பேரரசருக்கு 1,00,000 ஃபுளோரின் பொற்காசு கொடுத்து 1395-இல் டியூக் பட்டமும் வாங்கிக்கொண்டார். 1402 ஜூனில் பொலோனியாவும் விழுந்தது. ஃபுளோரன்ஸ் ஏறக்குறைய தனியாக நின்றது. செப்டம்பர் 3-இல் அவர் காய்ச்சலில் இறந்தார். ஃபுளோரன்ஸ் தப்பியது. கொடுங்கோலன் எதிர்ப்பு என்ற பேச்சு நிலையாக வேர்விட்டது அந்தப் பன்னிரண்டு வருடத்தில்தான். உயிர் போகும் பயத்தில் பிறந்த பேச்சு என்பதால் அதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஜூன் 6, மதியம் 1.15

கூலிப்படையை ஏன் வைத்துக்கொண்டார்கள், சொந்த ஊர்க்காரர்களே போகக்கூடாதா என்று இன்னொரு நண்பர் கேட்டிருக்கிறார். கம்பளி நெய்கிறவனும் கணக்கு எழுதுகிறவனும் மாதக்கணக்கில் குதிரையில் உட்கார்ந்திருந்தால் தொழில் படுத்துவிடும். அப்புறம், இன்னொரு பயமும் உண்டு. ஊருக்குள் ஒரு குடும்பத்தின் கையில் படை போனால் அந்தக் குடும்பமே ஊரை எடுத்துக்கொள்ளும். வெளியூர்க்காரன் என்றால் ஒப்பந்தம் முடிந்ததும் போய்விடுவான். 'கொண்டோட்டா' என்றாலே ஒப்பந்தம்தான், கூலிப்படைத் தளபதிகளுக்குக் கொண்டோட்டியேரி என்ற பெயரே அதிலிருந்து வந்தது.

ஃபுளோரன்ஸ் பேராலயத்துக்குள் போனவர்கள் இடப்பக்கச் சுவரைப் பார்த்திருப்பீர்கள். பச்சை சாயலில், கல் சிலை போலவே தீட்டிய குதிரை வீரன். நான் முதலில் சிலை என்றே நினைத்தேன், பக்கத்தில் போனால்தான் சுவரோவியம் என்று தெரிகிறது. பாவோலோ உச்செல்லோ 1436-இல் தீட்டியது. வீரன் ஜான் ஹாக்வுட் என்ற ஆங்கிலேயர், அதற்கு 42 வருடம் முன்பே இறந்தவர். கீழே இலத்தீனில் அவருடைய புகழ் எழுதியிருக்கிறது. அதில் 'காலத்தின் மிக எச்சரிக்கையான தளபதி' என்று வருகிறது. போர்க்கலையில் தேர்ந்தவர் என்பதற்கு முன் எச்சரிக்கையானவர். அந்த வரியின் கீழ் ரொம்ப நேரம் நின்றேன்.

இந்த ஹாக்வுட் பைசாவுக்காக ஃபுளோரன்ஸை எதிர்த்தவர். 1375-இல் போப்பாண்டவரின் சம்பளத்தில் இருந்தபோது, ஊரைத் தாக்காமல் இருப்பதற்காக ஃபுளோரன்ஸ் அவருக்கு 1,30,000 ஃபுளோரின் கொடுத்தது. 1377-இல் செசேனா நகரப் படுகொலையில் அவருடைய படைக்கும் பங்கு உண்டு. அதே வருடம் போப்பாண்டவரை விட்டு இந்தப் பக்கம் வந்தார், பெர்னபோவின் மகள்களில் ஒருத்தியையும் மணந்தார். கடைசிக் காலத்தில் ஃபுளோரன்ஸைக் காப்பாற்றினார். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள், இங்கே ஊர் இருபதாகப் பிளந்து கிடந்தது.

ஜூன் 6, மதியம் 1.40

எச்சரிக்கை இல்லாதவனுக்கு என்ன ஆகும் என்பதற்குக் கார்மஞ்ஞோலா. மிலானின் தளபதி, 1425-இல் வெனிஸ் பக்கம் வந்தார். 1427-இல் மக்லோதியோவில் பழைய எஜமானின் படையைத் தோற்கடித்து, பிடிபட்டவர்களைத் திருப்பி அனுப்பினார். அதன் பிறகு அவர் நகர்ந்ததெல்லாம் மெதுவாகவே. வெனிஸ் காத்திருந்து, மரியாதையோடு ஊருக்குள் அழைத்து, 1432 மே மாதம் கடற்கரைச் சதுக்கத்தின் இரண்டு தூண்களுக்கு நடுவே தலையை வெட்டியது. பேசவிடாமல் வாயை அடைத்துத்தான் கூட்டிவந்தார்கள்.

ஜூன் 8, இரவு 10.05

இப்போது என் முதல் பதிலையே திருத்துகிறேன். இரண்டு நாளாக வரைபடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஃபுளோரன்ஸ் கட்சி மாறியதன் காரணம் மிலான் இல்லை, வெனிஸ்.

படிப்புக்காக இரண்டு வருடம் மிலானில் இருந்தேன். என் அறைத்தோழன் பெர்காமோ ஊர்க்காரன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கூட்டிப்போனான். ரயில் அடா ஆற்றைத் தாண்டியதும் ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, "இதோட மிலான் முடிஞ்சது" என்றான். எனக்கு விளங்கவில்லை. மேல் நகரத்துக்கு ஏறிப்போனால் கோட்டை வாசலில் சிறகு வைத்த சிங்கம், வெனிஸின் மாற்கு புனிதருடைய சிங்கம். வெனிஸோ இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது! அறுநூறு வருடத்துக்கு முன் போட்ட எல்லையை அவன் இன்னும் உடம்பில் வைத்திருந்தான்.

அந்தச் சிங்கம் அங்கே வந்ததற்கு ஃபுளோரன்ஸும் ஒரு காரணம். ஃபிலிப்போ மரியாவிடம் அடிமேல் அடி வாங்கிய பிறகு 1425 டிசம்பரில் ஃபுளோரன்ஸ் வெனிஸோடு கூட்டுச் சேர்ந்தது. அந்தப் போரில் வெனிஸுக்கு 1426-இல் பிரெஷ்ஷா, 1428-இல் பெர்காமோ. ஃபுளோரன்ஸுக்கு ஒரு பிடி மண்கூடக் கிடைக்கவில்லை. கிடைத்தது கடன். 1427-இல் 'கதாஸ்தோ' என்ற புது வரியே கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்காரனும் வீடு, நிலம், சரக்கு, கடன், வீட்டில் எத்தனை வாய் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். இன்று அந்தக் காலத்துக் குடும்பங்களைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிவதற்கு அந்தக் கணக்குகளே காரணம். அவை போருக்குப் பணம் திரட்ட எழுதப்பட்டவை.

கோசிமோவும் 1433-இல் நாடுகடத்தப்பட்டபோது வெனிஸில்தான் தங்கினார். நன்றாக உபசரித்தார்கள். அந்த ஊரின் பலத்தைக் கண்ணால் பார்த்தவர் அவர். 1447-இல் லோதியும் பியாச்சென்சாவும் மிலானை விட்டு வெனிஸிடம் போனதும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். மிலான் குடியரசு நிற்காது. விழும்போது அது ஸ்ஃபோர்ஸா மடியில் விழுமா, வெனிஸ் மடியில் விழுமா என்பதுதான் கேள்வி. மிலானும் வெனிஸ் கையில் போனால் வட இத்தாலியில் எதிர்க்க ஆள் கிடையாது.

அதற்காகக் கோசிமோ ஒருவரே முடிவெடுத்தார் என்று சொல்ல வரவில்லை. நேரி கப்போனி ஊர் சபையில் கடைசிவரை எதிர்த்தார். ஸ்ஃபோர்ஸா போன்ற ஒருவர் கையில் மிலான் போவது எல்லோருக்கும் ஆபத்து என்பது அவர் வாதம்.

ஜூன் 8, இரவு 10.30

ஃபுளோரன்ஸ் கூட்டணி மிலான் படையைத் தோற்கடித்த அங்கியாரிப் போரில் (1440) ஒரே ஒருவர்தான் செத்தார், அதுவும் குதிரையிலிருந்து விழுந்து, என்று மேலே ஒருவர் போட்டிருக்கிறார். அது பின்னாளில் ஃபுளோரன்ஸ் வரலாறு எழுதிய மாக்கியவெல்லி சொன்னது. அவருக்குக் கூலிப்படை என்றாலே ஆகாது, அதனால் அப்படி எழுதினார். அந்தக் காலத்தவர் சொன்ன கணக்கு அதைவிட எவ்வளவோ அதிகம். நானும் பல வருடம் அந்த ஒருவர் கதையை நண்பர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தவன்.

ஜூன் 10, காலை 7.20

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, "பயம் என்பதெல்லாம் சரி, ஒரு குடியரசைக் கொன்றது கொன்றதுதானே" என்கிறார். நியாயம். எனக்கும் அங்கேதான் உறுத்துகிறது.

ஆனால் மிலான் குடியரசு தன்னிடமிருந்த ஊர்களை என்ன செய்தது என்றும் பார்க்க வேண்டும். பாவியா நாங்கள் தனி என்றது, மிலான் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் பாவியா ஸ்ஃபோர்ஸாவிடம் தன்னை ஒப்படைத்தது. பியாச்சென்சா வெனிஸிடம் போனதும் குடியரசு தன் தளபதியை அனுப்பியது. 1447 முடிவதற்குள் ஸ்ஃபோர்ஸா அந்த ஊரைப் பிடித்தார், படை ஊரையே சூறையாடியது. அது குடியரசின் கொடியின் கீழ் நடந்த கொள்ளை.

ஃபுளோரன்ஸ் மட்டும் என்ன? பைசாவை 1405-இல் ஜான் கலெயாத்ஸோவின் மகனிடமிருந்து காசுக்கு வாங்கியது. பைசாக்காரர்கள் எங்களை விற்க நீ யார் என்று எழுந்தார்கள். ஃபுளோரன்ஸ் சுற்றிவளைத்துப் பட்டினி போட்டது. 1406 அக்டோபரில், பைசாவின் தலைவர் கம்பகோர்த்தா பணம் வாங்கிக்கொண்டு ரகசியமாகக் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே போய் ஊரைப் பொறுப்பேற்றவர் ஜீனோ கப்போனி. நேற்று முன்தினம் எழுதினேனே, ஸ்ஃபோர்ஸாவை எதிர்த்த நேரி கப்போனி, அவருடைய அப்பா இவர்.

அவர்கள் சொன்ன சுதந்திரம் நம் ஊர் யாருக்கும் அடிமை இல்லை என்பதே. பக்கத்து ஊருக்கும் அது உண்டு என்று அதில் எழுதியிருக்கவில்லை. இதைச் சொல்லிவிட்டு ஃபுளோரன்ஸை மன்னிக்கச் சொல்லவில்லை. பைசாவில் பசியோடு கிடந்தவனுக்கு இந்த விளக்கம் எதற்கு?

ஜூன் 11, இரவு 8.50

மிலானில் கிடந்தவனுக்கும்தான். 1449-50 குளிர்காலத்தில் ஸ்ஃபோர்ஸா தானியம் வரும் வழியெல்லாம் அடைத்துவிட்டார். உள்ளே பஞ்சம். தலைவர்களுக்குள் சண்டை, கைது, மரண தண்டனை. சிலர் வெனிஸிடமே ஊரைக் கொடுத்துவிடலாம் என்று பேசினார்கள். 1450 பிப்ரவரி கடைசியில் ஜனங்கள் பொறுமை இழந்து அரண்மனைக்குள் புகுந்தார்கள். அந்தக் கலவரத்தில் வெனிஸ் தூதர் கொல்லப்பட்டார். 26-ஆம் தேதி ஸ்ஃபோர்ஸா உள்ளே வந்தார். அவருடைய வீரர்கள் ரொட்டியைச் சுமந்துகொண்டு வந்தார்கள். ஜனங்கள் ரொட்டியைப் பிடுங்கித் தின்றார்கள். கூட்டம் அவரைக் குதிரையோடு பேராலய வாசல்வரை தள்ளிக்கொண்டு போனதாகவும், இறங்கவே இடமில்லாமல் குதிரைமேல் இருந்தபடியே கும்பிட்டதாகவும் சொல்வார்கள்.

பட்டினி போட்டவரே ரொட்டி கொண்டுவருகிறார், வாங்கிக்கொண்டவர்கள் அவரை வாழ்த்துகிறார்கள். இந்த ஒரு நாளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். அந்த மனிதர்களைக் குறை சொல்ல வாய் வராது.

ஜூன் 13, மாலை 6.00

கட்சி மாறியதற்கு ஃபுளோரன்ஸ் கொடுத்த விலையைக் கேட்டிருக்கிறார்கள். 1451-இல் வெனிஸும் நேப்பிள்ஸ் அரசர் அல்போன்சோவும் தங்கள் எல்லையிலிருந்து ஃபுளோரன்ஸ் வியாபாரிகளைத் துரத்தினார்கள். கடையும் சரக்கும் விட்டுவிட்டு ஓட வேண்டியதாயிற்று. கோசிமோவின் முடிவுக்கு அந்த வியாபாரிகள் பலியானார்கள். அடுத்து போர். 1452-இல் ஃபுளோரன்ஸும் மிலானும் சேர்ந்து பிரான்ஸ் அரசரின் உதவியை நாடின. ஆல்ப்ஸைத் தாண்டி ஆளைக் கூப்பிடும் அந்தப் பழக்கம், 1494-இல் பிரான்ஸ் அரசரே இத்தாலிமேல் படையெடுத்து வருவதில் கொண்டுபோய் விட்டது.

1453 மே 29-இல் கான்ஸ்டான்டினோபிள் துருக்கியரிடம் விழுந்தது. வெனிஸுக்குக் கிழக்கே வீடு பற்றி எரிகிறது, மேற்கே போர் நடத்தக் கையில் பணமில்லை. ஸ்ஃபோர்ஸாவிடமும் பணமில்லை. சிமோனே என்ற அகஸ்தீன் சபைத் துறவி இருவருக்கும் இடையில் யாருக்கும் தெரியாமல் போய்வந்தார். 1454 ஏப்ரல் 9-இல் லோதியில் கையெழுத்து. வெனிஸ் ஸ்ஃபோர்ஸாவை மிலான் பிரபுவாக ஏற்றது, பெர்காமோ, பிரெஷ்ஷா, கிரேமா மூன்றையும் வைத்துக்கொண்டது. ஆகஸ்டில் மிலான், வெனிஸ், ஃபுளோரன்ஸ் மூன்றும் 25 வருடக் கூட்டணி போட்டன. 1455 தொடக்கத்தில் நேப்பிள்ஸும் போப்பாண்டவரும் சேர்ந்தார்கள். ஒருவரை ஒருவர் நம்பாத ஐந்து பேர். அதனாலேயே ஒருவர் ஊரில் இன்னொருவர் நிரந்தரத் தூதரை வைத்துக்கொள்ளும் வழக்கம் பரவியது. ஸ்ஃபோர்ஸா இதில் முன்னோடி, அவர் ஆள் நிக்கோதேமோ 1446-லிருந்தே கோசிமோ பக்கத்தில் இருந்தார்.

ஜூன் 13, மாலை 6.25

அதோடு நாற்பது வருடம் அமைதி என்று யாரும் எழுதிவிடாதீர்கள். 1478-இல் ஃபுளோரன்ஸ் பேராலயத்தில் மெடிசிகள்மேல் கொலை முயற்சி, கையோடு போப்பாண்டவரும் நேப்பிள்ஸ் அரசரும் படையெடுத்தார்கள். 1482-இல் ஃபெராரா போர், பாதியில் போப்பாண்டவர் அணி மாறினார். ஆனால் பெரிய ஊர் எதுவும் இன்னொன்றை விழுங்கவில்லை. 1450-க்கு முன் ஐம்பது வருடத்தோடு ஒப்பிட்டால் அது பெரிய வித்தியாசம்.

ஜூன் 17, இரவு 11.50

வட்டிக் கணக்கு என்று முதல் நாள் எழுதியதற்கே திரும்ப வருகிறேன். பழைய படங்களைத் துழாவியபோது ஒன்று கிடைத்தது. அம்மா மிலானுக்கு வந்திருந்தபோது ஸ்ஃபோர்ஸா கோட்டை அருங்காட்சியகத்தில் எடுத்தது. குடியரசு இடித்த அதே கோட்டைதான், ஸ்ஃபோர்ஸா திரும்பக் கட்டியது. படத்தில் அம்மாவுக்குப் பின்னால் பெரிய சலவைக்கல் வாசல். இத்தனை நாள் அது ஏதோ அரண்மனை வாசல் என்றிருந்தேன். இன்று பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே இரண்டு மூலைகளிலும் வட்டத்துக்குள் பக்கவாட்டு முகங்கள். ஒன்று ஸ்ஃபோர்ஸா, இன்னொன்று பியாங்கா மரியா. அது மெடிசி வங்கியின் மிலான் கிளை வாசல். 1450-களில் ஸ்ஃபோர்ஸா கோசிமோவுக்குக் கொடுத்த வீட்டில் இருந்தது.

பழைய கடனை வசூலிக்கவே மிலானில் உட்காரவைத்தார் என்றால், பிறகு அங்கே கிளை திறந்து அந்த அரசவைக்கே மேலும் மேலும் கடன் கொடுத்திருக்க வேண்டியதில்லை. நகையும் பட்டும் கொடுத்தார்கள், பணம் கொடுத்தார்கள். கோசிமோ இறந்தது 1464-இல். 1478-இல் அவருடைய பேரன் லொரென்சோ காலத்தில் அந்தக் கிளையை மூடினார்கள். ஆகவே முதல் நாள் நான் எழுதிய பதில் தப்பு, அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

படத்தில் அம்மா கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சரியாக வாசல் நடுவில் நிற்கிறார். தலைக்கு மேல் அந்த இரண்டு முகங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன.